ஸ்காபரோ - ரூஜ் பார்க்: ‘தமிழர் தொகுதி’ என்பது எவ்வளவு சரி?

2025ஆம் ஆண்டில் ரொறன்ரோவின் கிழக்கு எல்லையில் உள்ள ஸ்காபரோ - ரூஜ் பார்க் தொகுதியில், போர்ட் யூனியன் வீதிப் பக்கம் குடியிருந்தவர்கள் ஏறக்குறைய ஏழு மாதத்தில் மூன்று தடவை வாக்களிக்கப் போகவேண்டியிருந்தது. பெப்ரவரி 27இல், பனி இன்னும் கரையாத நேரத்தில், ஒன்ராறியோ மாகாணத் தேர்தல். ஏப்ரல் 28இல் மத்திய தேர்தல். செப்டம்பர் 29இல் மாநகர சபை இடைத்தேர்தல்.

மாகாணத்துக்கு அந்த மக்கள் தெரிவுசெய்தது விஜய் தணிகாசலத்தை. அவர் முற்போக்குக் கன்சர்வேடிவ், அதாவது நீலம். இரண்டு மாதம் கழித்து ஒட்டாவாவுக்கு அனுப்பியது ஹரி ஆனந்தசங்கரியை. அவர் லிபரல், சிவப்பு. இலையுதிர் காலத்தில் மாநகர சபைக்குப் போனவர் நீதன் சான். மாநகர சபையில் கட்சி கிடையாது. ஆனால் அவர் ஒருகாலத்தில் ஒன்ராறியோ புதிய ஜனநாயகக் கட்சியின் அமைப்புத் தலைவர் (president) பொறுப்பில் இருந்தவர், அது செம்மஞ்சள்.

மூவரும் தமிழர். மூவரும் மூன்று வேறு அரசியல் முகாம்களில் வளர்ந்தவர்கள். ஏறக்குறைய ஒரே மக்கள்தான் மூவருக்கும் வாக்களித்தார்கள்.

வெளியூர்த் தமிழர், அதிலும் யூடியூப்பில் கனடா அரசியல் பேசுகிறவர்கள், இதை ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்: ‘அது தமிழர் தொகுதி, தமிழர் வெல்கிறார்கள்.’ கேட்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் கணக்கு உதைக்கிறது. தமிழர் அந்தத் தொகுதியில் பெரும்பான்மை இல்லை, பெரும்பான்மைக்குக் கிட்டவும் இல்லை. கரீபியன் கறுப்பினத்தவர், பிலிப்பினோக்கள், பிற தெற்காசியர், ஏரிக்கரைப் பக்கம் பழைய வெள்ளைக்காரக் குடும்பங்கள் என்று கலந்து கட்டிய இடம். தமிழ் வாக்கை மட்டும் நம்பி நின்றால் மரியாதை மிஞ்சலாம், ஆசனம் மிஞ்சாது. அப்படியென்றால் எப்படி வெல்கிறார்கள்? அதற்கு முதலில் அந்த ஊர் எப்படி ஊரானது, அப்புறம் அதன்மேல் யார் கோடு கீறினார்கள் என்று பார்க்கவேண்டும்.

ஸ்காபரோ என்ற பெயர் 1793இல் வந்தது. மேல் கனடாவின் துணைநிலை ஆளுநர் சிம்கோவின் மனைவி எலிசபெத், ஒன்ராறியோ ஏரிக்கரையின் வெண்ணிற மண் பாறைகளைப் பார்த்து இங்கிலாந்தின் ஸ்காபரோவை நினைத்துக்கொண்டார், பெயர் ஒட்டிக்கொண்டது. அதற்கு நூறு வருடத்துக்கும் முன்பே ரூஜ் ஆற்று முகத்தில் செனெகா மக்களின் ஊர் ஒன்று இருந்தது. வெள்ளையர் வந்தபின் நீண்டகாலம் இது வெறும் பண்ணை நிலம்தான். 1954இல் ரொறன்ரோ பெருநகர அமைப்புக்குள் சேர்க்கப்பட்ட பிறகே வீடுகள் முளைத்தன. 1983இல் ஸ்காபரோ தனி மாநகரம் ஆனது, 1998இல் ரொறன்ரோவோடு கரைக்கப்பட்டது. ‘எங்களைக் கேட்காமல் சேர்த்துவிட்டார்கள்’ என்ற மனக்குறை பழையவர்களிடம் இன்றைக்கும் உண்டு. இங்கே எந்தத் தேர்தலிலும் அந்தக் குறையைச் சொறிந்துவிட ஒரு வேட்பாளராவது இருப்பார்.

வடக்கே மல்வேர்ன். மத்திய அரசின் வீடமைப்பு நிறுவனம் 1950களில் பண்ணைகளைச் சுவீகரித்து வைத்திருந்த நிலம். 1970களில்தான் வீடுகள் எழுந்தன. அதனால் அங்கே போனவர்கள் அந்தக் காலத்துப் புதுக் குடியேறிகள்: யமைக்கா, டிரினிடாட், கயானா, பிறகு பிலிப்பைன்ஸ், பிறகு நாங்கள். தெற்கே ஹைலண்ட் கிரீக், வெஸ்ட் ரூஜ், போர்ட் யூனியன். ரயில்பாதையும் தொழிற்சாலையும் வளர்த்த பகுதி. தனி வீடு, பெரிய முற்றம், ஏரிக்காற்று. நடுவே 401 நெடுஞ்சாலை. அதற்கு வடக்கே ஓர் உலகம், தெற்கே இன்னொன்று. கிழக்கில் ரூஜ் தேசிய நகரப் பூங்காவும் மிருகக்காட்சிச்சாலையும். வரைபடத்தில் பார்த்தால் தொகுதியில் கணிசமான பகுதி மரமும் மானும்தான். வாக்காளர் பட்டியலில் அவை இல்லை என்பதால் வேட்பாளர்கள் அந்தப் பக்கம் கதவு தட்டுவதில்லை.

தமிழர் கதை 1983இல் தொடங்குகிறது என்று சொல்வது பழக்கம். கறுப்பு ஜூலைக்குப் பின் கனடா விசேட ஏற்பாடு செய்தது உண்மை. ஆனால் கூட்டமாக வந்தது 80களின் பிற்பாதியிலும் 90களின் தொடக்கத்திலும். 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 பேரை மீனவர்கள் காப்பாற்றினார்கள். அன்றைய மல்ரோனி அரசு அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை. அது கன்சர்வேடிவ் அரசு. ஆனால் அகதி விண்ணப்பம் முடிந்து, நிரந்தர வதிவிடம் கிடைத்து, குடியுரிமைப் பரீட்சை எழுதி வாக்குரிமை கைக்கு வரும்போது பல வருடம் ஓடி, பிரதமராக லிபரல் கிரெச்சியன் இருந்தார். கதவைத் திறந்தவருக்கு அல்ல, சான்றிதழ் கையில் வந்தபோது நாற்காலியில் இருந்தவருக்கே நன்றி போய்ச் சேர்ந்தது என்பது என் எண்ணம். எங்கள் அப்பாமார் தலைமுறைக்கு ‘லிபரல்’ என்பது கட்சிப் பெயரை விட ஒரு பழக்கம். ஆஸ்பத்திரிக்குப் போனால் அதே டாக்டரிடம் போவதுபோல.

முதலில் எல்லோரும் ரொறன்ரோ நகர மையத்தில், செயின்ட் ஜேம்ஸ் டவுன் அடுக்குமாடிகளில் இருந்தார்கள். இரண்டு வேலை, மூன்று வேலை செய்து காசு சேர்ந்ததும் கிழக்கே ஸ்காபரோவுக்கு நகர்ந்தார்கள். கடையும் கோயிலும் பின்னால் வந்தன.

சரி, இப்போது கோடு. கனடாவில் தொகுதி எல்லையைக் கட்சிகள் கீறுவதில்லை. பத்து வருடத்துக்கு ஒருமுறை குடிசன மதிப்பீடு முடிந்ததும் ஒவ்வொரு மாகாணத்துக்கும் மூன்று பேர் கொண்ட சுயாதீன ஆணைக்குழு அமைக்கப்படும். தலைமை வழக்கமாக ஒரு நீதிபதி. அவர்கள் ஒரு வரைவை வெளியிடுவார்கள், மக்களிடம் கருத்துக் கேட்பார்கள், எம்பிக்கள் ஆட்சேபம் தெரிவிக்கலாம், ஆனால் கடைசிச் சொல் ஆணைக்குழுவுடையது. அடிப்படைக் கணக்கு எளிது: மாகாண மக்கள்தொகையை ஆசன எண்ணிக்கையால் வகுக்கவேண்டும். வரும் எண்ணிலிருந்து 25 சதவீதம் மேலேயோ கீழேயோ ஒரு தொகுதி போகலாம். அதைத் தாண்ட விசேட காரணம் வேண்டும்.

இன்றைய ரூஜ் பார்க் இருக்கும் நிலம் முன்பு யோர்க் - ஸ்காபரோ என்ற பெருந்தொகுதியில் இருந்தது. ஊர் பெருக்கப் பெருக்க அது ஊதிக்கொண்டே போய், ஒருகட்டத்தில் நாட்டிலேயே ஆகப் பெரிய தொகுதிகளில் ஒன்றானது. 1988 தேர்தலுக்கு அதை உடைத்து ஸ்காபரோ - ரூஜ் ரிவர் என்று புதிதாக ஒன்றை உருவாக்கினார்கள். லிபரல் டெரெக் லீ அதை வென்றார். அதற்குப் பிறகு 23 வருடம் அங்கிருந்து அசையவில்லை. 1993, 1997, 2000 மூன்று தேர்தல்களிலும் ஒன்ராறியோ மாகாணமே ஏறக்குறைய முழுதாக லிபரல் கையில் இருந்தது. 1993இல் மொத்தம் 99 ஆசனத்தில் 98. அந்தக் காலத்தில் ஸ்காபரோவில் லிபரல் வேட்பாளராக நின்றால் தேர்தல் நாளன்று வேறு வேலை பார்க்கலாம்.

இங்கேதான் நொமினேஷன் விஷயம் வருகிறது. ஒரு தொகுதி ஒரே கட்சிக்குப் பாதுகாப்பாக இருந்தால் உண்மையான போட்டி பொதுத்தேர்தலில் நடப்பதில்லை. கட்சிக்குள் வேட்பாளரைத் தெரிவுசெய்யும் கூட்டத்தில் நடக்கிறது. பொதுத்தேர்தலில் வாக்களிக்கப் பிரஜாவுரிமை வேண்டும், 18 வயது வேண்டும். கட்சி உறுப்பினராகவோ அப்படியில்லை: குடியுரிமை இன்னும் கிடைக்காதவர் சேரலாம், 14 வயதுப் பிள்ளையும் சேரலாம். சில ஆயிரம் பேரைக் கட்சியில் சேர்த்து, அவர்களை ஒரு சனிக்கிழமை பாடசாலை மண்டபத்துக்குக் கொண்டுவரத் தெரிந்தவர் வேட்பாளர். கலியாணத்துக்கு 800 பேரைக் கூப்பிட்டு, வராதவர் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்து ‘ஏன் வரவில்லை’ என்று கேட்கும் சமூகத்துக்கு இதைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. மண்டபத்து வாசலில் ஒரு பெரியம்மாவை வான் வண்டியில் இருந்து கைபிடித்து இறக்குவதையும், அவர் ‘யாருக்குப் போடவேணும்?’ என்று கேட்பதையும் பார்த்தவர்களுக்குத் தெரியும், தமிழ் அரசியல் பலம் எங்கே இருக்கிறது என்று. பொதுத்தேர்தலில் தமிழ் வாக்கு பல வாக்குகளில் ஒரு பங்கு. நொமினேஷனில் அது பல மடங்கு கனக்கும்.

2011இல் டெரெக் லீ மறுபடி நிற்கவில்லை. அந்த வருடம் மே 2இல் நடந்ததை ‘தமிழர் எழுச்சி’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். யாழ்ப்பாணத்தில் பிறந்து சிறுவயதில் கனடா வந்த ராதிகா சிற்சபைஈசன் என்டிபி (புதிய ஜனநாயகக் கட்சி) வேட்பாளராக நின்று, கனடிய நாடாளுமன்றத்தின் முதல் தமிழ் உறுப்பினர் ஆனார். எழுச்சி இருந்தது, மறுக்கவில்லை. 2006இல் கன்சர்வேடிவ் அரசு புலிகளைத் தடைசெய்தது, 2009இல் முள்ளிவாய்க்கால், அந்த மே மாதம் கார்டினர் நெடுஞ்சாலையை மறித்து உட்கார்ந்த கூட்டத்தில் இருந்த இளைஞர் பலருக்கு 2011 முதல் தேர்தல். 2010இல் சன் சீ கப்பலில் 492 தமிழ் அகதிகள் வந்தபோது ஒட்டாவா அவர்களை நடத்திய விதமும் மனதில் இருந்தது. ஆனால் அதோடு இன்னும் இரண்டு நடந்தன. கட்சித் தலைவர் ஜாக் லேட்டனின் செம்மஞ்சள் அலையில் என்டிபி 103 ஆசனம் எடுத்தது; லிபரல் 34க்கு விழுந்தது. தொகுதிக்குள் எதிர்வாக்கு இரண்டாகப் பிளந்தது: ராதிகா எடுத்தது 40 சதவீதம் அளவில்தான், மிச்சத்தை கன்சர்வேடிவும் லிபரலும் கிட்டத்தட்டச் சமமாகப் பிரித்துக்கொண்டார்கள். தமிழ் வாக்கு, அலை, பிளவு மூன்றும் ஒரே நாளில் சந்தித்தன.

நான்கே வருடத்தில் கோடு நகர்ந்தது. 2011 குடிசன மதிப்பீட்டை வைத்து ஸ்காபரோ - ரூஜ் ரிவர் தொகுதியையே கலைத்தார்கள். மேற்குப் பகுதி ஸ்காபரோ வடக்கு என்ற புதிய தொகுதிக்குப் போனது. கிழக்குப் பகுதி பக்கத்துத் தொகுதிகளின் துண்டுகளோடு சேர்ந்து ஸ்காபரோ - ரூஜ் பார்க் ஆனது. ராதிகா ஸ்காபரோ வடக்கில் நின்றார். அங்கே சீன வாக்காளர் அதிகம், லிபரல் வேட்பாளர் ஷான் சென். 2015 அக்டோபர் 19இல் பதவியில் இருந்த தமிழ் எம்பி மூன்றாம் இடத்துக்குப் போனார். அதே இரவு பக்கத்துத் தொகுதியில் ஹரி ஆனந்தசங்கரி சுமார் 60 சதவீத வாக்கோடு வென்றார்.

இந்த இரண்டு முடிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ‘தமிழர் தமிழருக்குப் போட்டார்கள்’ என்ற கதை நிற்காது. ரூஜ் பார்க்கிலேயே என்டிபி வேட்பாளரும் தமிழர்தான், சாந்திகுமார். அவர் வெகுதூரம் பின்தங்கினார். வித்தியாசம் இனத்தில் இல்லை, கட்சி நிறத்தில். அந்தத் தேர்தலில் ரொறன்ரோவின் 25 ஆசனமும் லிபரலுக்குப் போயின. 2019இலும் 25, 2021இலும் ஏறக்குறைய அப்படியே. தமிழர் அல்லாதவர்கள் லிபரலுக்குப் போட்ட வாக்குத்தான் பெரும்பங்கு. லிபரல் வேட்பாளர் தமிழராக இருக்கவேண்டும் என்பதை உறுதிசெய்தது தமிழர்.

(ஒரு சின்னக் கிளைக்கதை. 2015இல் ரூஜ் பார்க்குக்குக் கன்சர்வேடிவ் கட்சி முதலில் அறிவித்த வேட்பாளர் வீட்டுச் சாதனங்கள் திருத்துபவர். முன்பொரு தடவை வேலைக்குப் போன வீட்டின் சமையலறையில் கோப்பிக் கோப்பைக்குள் சிறுநீர் கழித்ததை சிபிசி தொலைக்காட்சியின் மறைவான கமரா பிடித்திருந்தது. தேர்தல் நடுவே அந்த ஒளிப்பதிவில் இருப்பவர் யாரென்று வெளிவர, கட்சி அவரைக் கழற்றிவிட்டு அவசர அவசரமாக லெஸ்லின் லூயிஸ் என்ற வழக்கறிஞரை நிறுத்தியது. அவர் இரண்டாவதாக வந்தார். பிற்பாடு அவர் 2020இலும் 2022இலும் கட்சித் தலைமைக்கே போட்டியிட்டார். ஒரு கோப்பை யார் யாருக்கெல்லாம் வழி திறக்கும் பாருங்கள்.)

மாகாணத்தில் கதை தலைகீழ். ஒன்ராறியோ தன் மாகாணத் தொகுதிகளுக்கும் பெரும்பாலும் மத்திய எல்லைகளையே எடுத்துக்கொண்டது. 2018இல் அதே ரூஜ் பார்க்கில், அதே தெருக்களில், விஜய் தணிகாசலம் கன்சர்வேடிவாக வென்றார். மிகக் குறுகிய வித்தியாசம்; இரண்டாவது வந்த என்டிபி வேட்பாளர் தமிழர் அல்லர்; மூன்றாவது வந்த லிபரல் வேட்பாளர் தமிழ்ப் பெண். 15 வருட லிபரல் மாகாண ஆட்சி அலுத்துப்போயிருந்தது. மின்கட்டணம் ஒவ்வொரு வீட்டிலும் பேச்சு. மாகாண கன்சர்வேடிவ் தலைவர் டக் ஃபோர்ட் ‘உங்களுக்கு ஸப்வே (சுரங்க ரயில்) தருகிறேன்’ என்றார். ஸப்வே என்ற சொல்லுக்கு ஸ்காபரோவில் இருக்கும் கனதி வெளியாருக்குப் புரியாது. 1985இல் கொடுத்த ஆர்டி என்ற குட்டி ரயிலை முப்பத்தெட்டு வருடம் ஓட்டி, 2023 ஜூலை 24 அன்று பின்பெட்டி தடம் புரண்ட பிறகு மூடியே விட்டார்கள். இப்போது பஸ். குளிரில் பஸ்ஸுக்கு நிற்கும் ஒருவரிடம் மத்திய அரசு எது, மாகாண அரசு எது என்று அதிகாரப் பகிர்வு விளக்கிப் பாருங்கள்.

அதனால்தான் ஒரே வீட்டுப் புல்வெளியில் ஒரு தேர்தலுக்கு நீலப் பலகையும் அடுத்ததற்குச் சிவப்புப் பலகையும் குத்தியிருக்கக் காண்கிறோம். சிலர் இதைக் கொள்கையில்லாத்தனம் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கடை வைத்திருப்பவர், லொறி ஓட்டுபவர், இரண்டாவது வீடு வாங்கி அடித்தளத்தை வாடகைக்கு விட்டவர், இவர்களுக்கு வரி, காப்புறுதி, வீதி எல்லாம் மாகாணத்து விஷயம். குடிவரவும் வெளிவிவகாரமும் ஒட்டாவா விஷயம். இரண்டு கேள்விக்கு இரண்டு விடை.

ஒட்டாவா பக்கத்து விடைக்குக் காரணமும் இருக்கிறது. ஜனவரி மாதத்தைத் தமிழ் மரபுத் திங்களாக அங்கீகரிக்கும் ஆனந்தசங்கரியின் பிரேரணை 2016 அக்டோபரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. 2022இல் மே 18ஐ தமிழினப் படுகொலை நினைவு நாளாக அதே சபை ஏகமனதாக ஏற்றது. 2023 ஜனவரியில் கனடா மகிந்த, கோட்டாபய இருவர்மீதும் தடை விதித்தது. நீலப் பக்கமும் சும்மா இருக்கவில்லை: 2013இல் கொழும்பு பொதுநலவாய மாநாட்டைப் புறக்கணித்தவர் கன்சர்வேடிவ் பிரதமர் ஹார்ப்பர்; ஒன்ராறியோவில் தமிழினப் படுகொலை அறிவூட்டல் வாரச் சட்டத்தைக் கொண்டுவந்தவர் தணிகாசலம். இரண்டு நிறத்திலும் ஆள் வைத்திருப்பது எவ்வளவு வசதி என்பதற்கு ஸ்டேன்ஸ் வீதியில் தமிழ்ச் சமூக மையத்துக்கு ஒதுக்கிய நிலம் நல்ல உதாரணம். 2021இல் அதற்கு அறிவித்த 2 கோடியே 63 லட்சம் டொலரில் மத்திய லிபரல் அரசின் பணமும் உண்டு, மாகாண கன்சர்வேடிவ் அரசின் பணமும் உண்டு. இரு தரப்பு அரசியல்வாதிகளும் ஒரே அறிவிப்பில் சேர்ந்துகொண்டார்கள்.

ஆனால் மற்றப் பக்கத்தையும் சொல்லவேண்டும். 2016 செப்டம்பரில் பழைய ரூஜ் ரிவர் மாகாணத் தொகுதியில் இடைத்தேர்தல் வந்தது. லிபரல் பக்கம் ஒரு தமிழர், என்டிபி பக்கம் நீதன் சான். வென்றவர் கொரியாவில் பிறந்த, எண்பதை நெருங்கிக்கொண்டிருந்த ரேமண்ட் சோ, கன்சர்வேடிவ். அதே மனிதர் 1988இல் அதே பெயர்த் தொகுதியில் மத்திய தேர்தலுக்கு என்டிபி வேட்பாளராக நின்றவர், 2004இல் சுயேச்சை. கட்சி மாறினாலும் கதவு தட்டுவதை அவர் நிறுத்தவில்லை. இரண்டு தமிழர் நின்றால் வாக்குப் பிரியும் என்பது பாதி உண்மை. மீதிப் பாதி, தமிழர் அல்லாத வீடுகளில் யாரைத் தெரியும் என்பது. 2018 மாநகர சபைத் தேர்தலில் நீதன் சான் 154 வாக்கில் தோற்றபோதும் அதுதான் நடந்தது. ரூஜ் பார்க்கின் தெற்குப் பாதியில், 401க்கும் ஏரிக்கும் இடையே, அவரை வென்ற ஜெனிஃபர் மெக்கெல்வியைத் தெரிந்தவர்கள் அதிகம். 2025இல் மெக்கெல்வி ஏஜாக்ஸ் தொகுதி எம்பியாகப் போக, காலியான இடத்துக்கே நீதன் சான் வந்தார்.

2025 ஏப்ரல் தேர்தலுக்கு முன் கோடு மறுபடி நகர்ந்திருந்தது. 2021 கணக்குப்படி ஒன்ராறியோ மக்கள்தொகை 1,42,23,942, ஆசனம் 122, வகுத்தால் ஒரு தொகுதிக்குச் சுமார் 1,16,590 பேர். ரொறன்ரோ மாநகரின் 27,94,356 பேரை அந்த எண்ணால் வகுத்தால் 23.97. ஆகவே 25 ஆசனம் 24 ஆனது. நகரத்தில் ஆள் குறையவில்லை. மற்ற இடங்கள் இன்னும் வேகமாகப் பெருத்தன. அந்த வெட்டு விழுந்தது ஸ்காபரோ பக்கத்தில். ஒரு தொகுதி மேற்கே டொன் வாலியோடு பாதிபாதியாக ஒட்டப்பட்டது. ரூஜ் பார்க் கில்ட்வுட்டின் ஒரு பகுதியைச் சேர்த்துக்கொண்டு ஸ்காபரோ - கில்ட்வுட் - ரூஜ் பார்க் என்று நீண்டது. மாகாணமும் மாநகரமும் பழைய எல்லையிலேயே இருந்தன. அதனால் 2025 பெப்ரவரியில் ஒரு தொகுதியில் வாக்களித்த பலர் ஏப்ரலில் வேறு பெயர்த் தொகுதியில் வாக்களித்தார்கள், வீடு மாறாமலே. ‘என்ர எம்பி யார்?’ என்று கேட்டு வந்தவர்களுக்குப் பதில் சொல்லித் தன்னார்வலர்கள் களைத்துப்போனார்கள்.

ஆனந்தசங்கரி புதிய எல்லையிலும் இலகுவாகவே வென்று, மே மாதம் பொதுப் பாதுகாப்பு அமைச்சரானார். அதே இரவு கிழக்கே பிக்கரிங் - புரூக்ளின் தொகுதியில் யுவனிட்டா நாதன் வென்றார். அவரும் தமிழர், லிபரல், முன்பு மார்க்கம் நகரசபையில் இருந்தவர். செயின்ட் ஜேம்ஸ் டவுனில் இருந்து ஸ்காபரோவுக்கு நகர்ந்த அதே ஆட்கள், அல்லது அவர்களுடைய பிள்ளைகள், இப்போது ஸ்டீல்ஸ் வீதியைத் தாண்டி மார்க்கமுக்கும், ரூஜ் ஆற்றைத் தாண்டி பிக்கரிங், ஏஜாக்ஸுக்கும் வீடு வாங்கிப் போய்க்கொண்டிருக்கிறார்கள். வார இறுதியில் மட்டும் மார்க்கம் வீதிப் பக்கம் திரும்பி வருகிறார்கள், மீனும் கீரையும் வாங்க. வாக்கு புது விலாசத்தில்.